அந்திவெயில் – 14: தனியாக நிற்கப்போகிறவர் வீடு பார்க்கட்டும்

சித்தியின் வீட்டு வாசலிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரை போன வருடம் நானே நடந்து எண்ணினேன். 420 தப்படி. எனக்கு ஐந்து நிமிட நடை. 76 வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்த நிலையில், ஒரு கையில் குடையும் மறுகையில் டார்ச்சுமாகப் போகிற சித்திக்கு அது ஊர்ப்பயணம். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு நாலு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும்தான்.

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு முதியோர் குடியிருப்பு அது. வீட்டைத் தேர்ந்தெடுத்தவர் சித்தப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஆயுசில் பாதியை இரும்புச் சத்தத்துக்கு நடுவே கழித்தவர். சத்தமில்லாத இடம் வேண்டும் என்று கடைசி வரிசைத் தனி வீட்டைக் கேட்டு வாங்கினார். பின்னால் மலை, முன்னால் இரண்டு தென்னை வைக்க இடம். அவர் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. இரண்டு வருடம் அதை நன்றாக அனுபவிக்கவும் செய்தார். மூன்றாம் வருடம் ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்.

"மலை அழகாத்தான்டா இருக்கு. யாரு இல்லன்னா? மெஸ்ஸு அந்தக் கோடியில இருக்கே" என்றார் சித்தி.

பிள்ளைகளோடு இருப்பதா, தனியாக இருப்பதா என்று போன வாரம் பேசிக்கொண்டிருந்தோம். தனியாகத்தான், அதுவும் இப்படி ஒரு குடியிருப்பில்தான் என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு இந்த வாரம்.

வீடு பார்க்க இருவராகப் போகிறோம். அந்த வீட்டில் கடைசிவரை இருக்கப்போவது ஒருவர். பெரும்பாலும் மனைவி. பெண்ணுக்கு ஆயுள் சற்றுக் கூடுதல்; போதாததற்கு நம் கல்யாணங்களில் அவருக்கு வயதும் சில வருடம் குறைவு. ஆனால் விற்பனை அலுவலகத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிறவர் கணவர். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். என் கட்சி இதுதான்: தனியாக நிற்கப்போகிறவர் யாரோ அவர்தான் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர் செக்கில் கையெழுத்துப் போட்டால் போதும்.

இந்தக் குடியிருப்புகளை 'முதியோர் இல்லம்' என்று சொல்லிவிட்டால் அங்கிருப்பவர்களுக்குக் கோபம் வரும். கோபத்தில் நியாயமும் உண்டு. இல்லம் என்பது போக்கிடம் இல்லாதவர்களுக்கு. இது காசு கொடுத்து விரும்பி வாங்குகிற வீடு. 1960 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் டெல் வெப் என்ற கட்டுமானக்காரர் 'சன் சிட்டி'யைத் திறந்தார். முதியவர்களுக்கென்றே ஓர் ஊர், நடுவில் கோல்ஃப் மைதானம். அந்த யோசனை நம்மூருக்கு வந்தபோது கோல்ஃப் இருந்த இடத்தில் பிள்ளையார் கோயிலும் மெஸ்ஸும் உட்கார்ந்துகொண்டன. வடவள்ளி, துடியலூர், தொண்டாமுத்தூர் என்று கோவையைச் சுற்றி இவை பெருகியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பெரிய ஆஸ்பத்திரிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்க விமான நிலையம்.

விளம்பரத்தில் சிறுவாணி என்ற பெயர் எங்காவது வந்துவிடும். குழாயில் வருவது சிறுவாணியா, ஆழ்குழாயா, லாரியா என்று கேட்டுவிடுங்கள். தடாகம், ஆனைகட்டிப் பக்கம் என்றால், இருட்டிய பிறகு வேலிக்கு வெளியே வாக்கிங் போகலாமா என்றும் கேளுங்கள். அங்கே யானை வரும். விளம்பரப் படத்தில் அதைப் போட மாட்டார்கள்.

சரி, வீட்டுக்குள் போவோம். கூடத்தில் நிற்காதீர்கள், நேராகக் குளியலறைக்குப் போங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? உள்பக்கம் திறக்கிற கதவென்றால், உள்ளே விழுந்தவர் உடம்பே கதவுக்கு முட்டாக நிற்கும். வெளியிலிருந்து தள்ள முடியாது. வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். சக்கர நாற்காலி நுழைய 900 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும்; டேப் கொண்டுபோய் அளந்துவிடுங்கள். அபாய மணியின் பொத்தான் நெஞ்சு உயரத்தில் மட்டும் இருந்தால் அது நிற்கிறவர்களுக்கான மணி. விழுந்து கிடப்பவர் கைக்கு எட்ட, தரைவரை ஒரு கயிறு தொங்க வேண்டும். அந்தக் கயிற்றை இழுத்தும் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது, வருகிறவர் நர்ஸா, வாட்ச்மேனா?

மாடி வீடு என்றால், லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்தவாக்கில் நுழையுமா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமா, இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜுக்கும் உண்டா? சாய்தளம் ஓரடி ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அது சரக்கு ஏற்றுகிற பலகை. இவற்றையெல்லாம் போலப் பல விஷயங்களைச் சொல்லி மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால வீடுகளுக்கென்றே மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. 'மாதிரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அளக்கிற டேப் நம் கையில்தான் இருக்க வேண்டும்.

இனி காசு. சொந்தமாக வாங்கலாம், பெரிய முன்பணம் கட்டி ஆயுள்வரை இருக்கலாம், மாத வாடகைக்கும் போகலாம். முன்பணத் திட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: பணம் எப்போது திரும்பும்? 'அடுத்தவர் குடிவந்த பிறகு' என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அடுத்தவர் வராமலே போகலாம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சொந்தமாக வாங்குகிறவர்கள் வீட்டு விலையைப் பேரம் பேசுவதில் காட்டுகிற சாமர்த்தியத்தை மாதக் கட்டணத்தில் காட்டுவதில்லை. விலை ஒருமுறை, கட்டணம் உயிருள்ளவரை. ஒரு கணக்குப் போடுவோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு 30 லட்சம். 8.2 சதவீத வட்டிக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. ஐந்து வருடத்துக்கு அது அசையாது. இன்று பராமரிப்பும் இருவர் சாப்பாடுமாக மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அப்பாடா, சரிக்குச் சரி' என்று தோன்றும். கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் அது 43,000 ரூபாயைத் தாண்டிவிடும். வட்டி அப்போதும் ஏறக்குறைய அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கும். பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கம் வசூலித்து, தலைக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

இது இருவரும் இருக்கும்போது. ஒருவர் போய்விட்டால்? சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பராமரிப்பு சதுர அடிக் கணக்கு. வீடு சுருங்காது, அதனால் அதுவும் சுருங்காது. பழைய ஓய்வூதியத்தில் இருக்கும் அரசு ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அவருக்குப் பின் மனைவிக்கு வருகிற வழக்கமான குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். வரவு ஐந்துக்கு மூன்றாகிறது. சித்தப்பா போன மூன்றாம் மாதம் சித்தி என்னிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். 1,400 சதுர அடிக்குக் கட்டுகிற பணத்தைத் தனிக்கோட்டில் எழுதி, பக்கத்தில், 'நான் இருப்பது ஓர் அறையில்' என்று குறித்திருந்தார்.

வீட்டை விற்றுவிடலாம் என்று சொல்வது சுலபம். பத்திரம் சித்தப்பா பெயரில் மட்டும். உயில் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. பிள்ளைகள் இருவர், ஆக, தான் குடியிருக்கும் வீட்டில் சித்திக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் தங்கமானவர்கள், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடத் தயார். இருந்தும் வாரிசுச் சான்றிதழ், வெளிநாட்டில் இருக்கும் மகன் தூதரகத்துக்கு நடந்து அனுப்பிய பவர் பத்திரம் என்று பதினொரு மாதம் ஓடிவிட்டது. தங்கமில்லாத பிள்ளைகளாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. இருவர் பெயரிலும் பத்திரம், இருவருக்கும் தனித்தனி உயில்: வீட்டுச் சாவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. உயிலைப் பதிவு செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. என்றாலும் பதிவு செய்துவிடுங்கள்.

காகிதம் சரியான பிறகும் வாங்க ஆள் வேண்டுமே. இத்தகைய குடியிருப்புகளில் பொதுவாக 55 வயதுக்கு மேற்பட்டவர்தான் குடியிருக்கலாம். மகன் பெயருக்கு வீடு மாறும், மகன் வந்து குடியிருக்க முடியாது. விற்றால் கைமாற்றுக் கட்டணம் என்று ஒரு தொகையை நிர்வாகம் கேட்பதும் உண்டு. வருகிற 55 வயதுக்காரரோ பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக எழும்புகிற கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் பத்து வருடப் பழைய வீட்டுக்குள் கால் வைக்கிறார். இதை முதலீடு என்று விற்கிறவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

ரெரா பதிவு இருக்கிறதா என்று எல்லோருமே இப்போது கேட்கிறார்கள். நல்லது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால் பதிவு வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடம் அவர்கள் பொறுப்பு. ஆனால் ரெரா சுவரைப் பார்க்கும், சாம்பாரைப் பார்க்காது. சமையல், துப்புரவு, நர்ஸ் எல்லாம் தனி ஒப்பந்தம். அந்த நிறுவனம் பாதியில் கழன்றுகொண்டால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சாம்பார் என்றதும் நினைவு வருகிறது. இந்தக் குடியிருப்புகளில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி மெஸ்ஸில் பிறப்பவை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிற விருந்தினருக்கு வடை பாயசம் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி போய் உட்காருங்கள். பல இடங்களில் சுத்த சைவம். முட்டையைச் சொந்த அடுப்பில் வேகவைப்பதற்கும் தடை இருக்கலாம். சமையலறை விதி என்ற பெயரில் சில இடங்களில் எழுதியிருப்பது உள்ளே யார் வரலாம் என்கிற விதிதான். புரிந்துகொண்டு போவதும் போகாமல் இருப்பதும் உங்கள் விருப்பம்.

கடைசியாக, யாரும் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி. படுக்கையில் விழுந்தால்? ஞாபகம் தப்பத் தொடங்கினால்? 'தன் வேலையைத் தானே செய்துகொள்ள இயலாதவர் வேறிடம் மாற வேண்டும்' என்று ஒப்பந்தத்தின் உள்பக்கம் எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கலாம். எந்த நிலை வரைக்கும் அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள், அதற்கு என்ன கட்டணம், ராத்திரியில் நர்ஸ் உண்டா என்று எழுதி வாங்குங்கள். ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்பது பதில் அல்ல. காலை ஒன்பது மணி நெரிசலில் எத்தனை நிமிடம் என்பதுதான் பதில். ரத்தக்குழாய் அடைத்து வருகிற பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வயதானவர் தனியாகக் கிடந்தால் அதில் பாதி நேரம் யாராவது கண்டுபிடிப்பதற்குள்ளேயே கரைந்துவிடும்.

இவ்வளவையும் சங்கச் செயலாளரிடம் கேட்காதீர்கள். அவருக்குத் தன் குடியிருப்பின் மானம் முக்கியம். தனியாக இருக்கும் ஓர் அம்மாவைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். முடிந்தால் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். தை மாதத்து இதமான வெயிலில் அல்ல, ஐப்பசி மழையில்.

சித்தி இப்போது மெஸ்ஸுக்கு எதிரே, தரைத்தளத்தில், ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். கடைசி வரிசை வீடு விற்பனைக்கு. போன வாரம் ஒரு தம்பதி பார்க்க வந்தார்களாம். கணவர் பின்கட்டில் நின்று மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சித்தி அந்த அம்மாவின் கையைப் பிடித்து மெஸ் வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அவர்கள் வாங்கவில்லை.

(தொடரும்)