ஸ்லேட்டர் கொடுத்தனுப்பிய கேள்வித்தாள்

விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருவேல்பட்டு என்று ஓர் ஊர். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் புகுந்தபோது செய்திகளில் அந்தப் பெயர் அடிபட்டது. மற்ற நாட்களில் நம்மில் பலருக்கு அது வெறும் பெயர்ப்பலகை. ஆனால் இந்தியக் கிராமப் பொருளாதாரத்தை ஆராய்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், லண்டனில் இருப்பவருக்கும் தெரியும். 1916ல் தொடங்கி 2008 வரை ஐந்து முறை இந்த ஊரின் நிலத்தையும் கூலியையும் கடனையும் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். ஒரே கிராமத்தை இப்படித் தலைமுறை தலைமுறையாகத் திரும்பப் போய்ப் பார்த்த வரலாறு உலகிலேயே அபூர்வம். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர், கடல் கடந்து வந்து ஆறேழு ஆண்டுகள் மட்டும் சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பிப்போன ஒரு பேராசிரியர். பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

வெளிநாட்டுப் பேராசிரியர்களை அழைத்து வருவது இன்று நம் பல்கலைக்கழகங்களில் பெருமைக்குரிய காரியமாகிவிட்டது. பொருளாதாரத் துறையிலும் மேலாண்மைத் துறையிலும் அது இன்னும் அதிகம். அப்படி வருகிறவரிடம் நாம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்லேட்டர்தான் நினைவுக்கு வருகிறார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக அவர் நியமிக்கப்பட்டார். அதற்கு முன்பு ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். தொழிலாளிகள் படிப்பதற்கென்றே ஏற்பட்ட கல்லூரி அது. இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலி போட்டு வளைக்கப்பட்டதையும், அதனால் சிறு விவசாயிகள் என்ன ஆனார்கள் என்பதையும் ஆராய்ந்து 1907லேயே புத்தகம் எழுதியவர். நிலம் கைமாறினால் மனிதனின் கதி என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் தமிழ்நாட்டு நிலத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இங்கேதான் அவருடைய பெருந்தன்மையைப் பார்க்கிறேன். தெரிந்ததை மட்டும் மேடையேறிச் சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போயிருக்கலாம். அவரோ தெரியாததைத் தன் மாணவர்களிடமே கேட்டார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். எத்தனை குடும்பங்கள், யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், எத்தனை மாடு, கூலி பணமாகவா தானியமாகவா, கடன் யாரிடம், எதற்காக. இவ்வளவுதான். நினைத்துப் பார்க்கிறேன். பட்டணத்தில் ஆங்கிலப் புத்தகத்தில் பொருளாதாரம் படித்த பையன், விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய மனிதரிடம் முதல் முறையாக, “உங்களுக்குக் கூலி என்ன தருகிறார்கள்?” என்று கேட்கிறான். பதிலை எழுதுகிறான். அந்த நொடியில் அவனுக்குப் பாடம் புத்தகத்திலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்திருக்கும். பிறந்து வளர்ந்த ஊரே அன்று அவனுக்குப் புதிதாகத் தெரிந்திருக்கும்.

அப்படிச் சேர்ந்த குறிப்புகள் 1918ல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, இராமநாதபுரம் ஜில்லாவில் அன்றிருந்த வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான் எல்லாம் அதில் உண்டு. தெலுங்கு, மலையாள நாட்டு ஊர்களும் உண்டு. இருவேல்பட்டைப் பற்றிய பக்கங்களில் படியாள் முறை பதிவாகியிருக்கிறது. கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்கிய ஏழை, அந்தக் கடனுக்காகவே அவரிடம் கட்டுப்பட்டு, அவன் பிள்ளையும் அதே வீட்டுக்கு ஆளாகிப்போகும் கொடுமை. சர்க்கார் ஆவணங்களில் வரியும் சாகுபடியும் இருக்கும். இந்த மனிதன் இருக்கமாட்டான். ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் வழியாக அவன் காகிதத்தில் ஏறினான்.

குறையும் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அன்று கல்லூரிக்குப் போன மாணவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள, மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். ஊரை அவர்கள் பார்த்தது தங்கள் வீட்டு வாசலிலிருந்து. சேரியில் இருப்பவர் தன் வாயால் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். ஸ்லேட்டரும் ஆளும் தேசத்திலிருந்து வந்தவர்தான். ஆனாலும் எழுதிவைத்த கணக்கு ஒன்று இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதைச் சரிபார்க்க முடிந்தது.

அந்தப் பின்வந்தவர்களின் வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்லேட்டர் போன பிறகு அதே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரான பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். 1940ல் அவர்களின் மறு ஆய்வு வெளிவந்தது. 1961ல் இங்கிலாந்திலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் இருவேல்பட்டுக்கு வந்தார். 1980களின் தொடக்கத்தில், அதற்கு முன்பு தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த எஸ். குஹனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ஷரும் அங்கே போனார்கள். 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ். படியாள் முறை ஒழிந்துபோனதையும், விவசாயத்தை மட்டும் நம்பியிராத ஊராக அது மாறியதையும், பெரிய நிலக்காரர்களின் பிடி தளர்ந்ததையும் இந்த மூவரும் பதிவு செய்தார்கள். இந்த ஜெயரஞ்சன்தான் 2021ல் மாநிலத் திட்டக்குழுவின் துணைத்தலைவர் ஆனவர்.

ஜான் ஹாரிஸுக்குத் தமிழ்நாட்டு உறவு அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1970களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆர்க்காட்டில் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தபோது, இளைஞராக வந்து ஒரு கிராமத்தில் தங்கியவர் அவர். வந்தவர் தங்கினார், திரும்பவும் வந்தார், உள்ளூர் ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார். உறவு என்றால் இதுதான்.

இன்றைக்கு வருவோம். மத்திய அரசு 2015ல் ‘கியான்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டுப் பேராசிரியர் 12 முதல் 14 மணி நேரம் பாடம் நடத்தினால் 8,000 டாலர் வரை, 20 முதல் 28 மணி நேரம் நடத்தினால் 12,000 டாலர் வரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சிறிய ஊர்க் கல்லூரிப் பிள்ளைக்கு உலகத் தரமான வகுப்பு காதில் விழுவதே பெரிய விஷயம். ஆனால் ஓரிரு வாரத்தில் முடிகிற உறவுக்கு வேர் பிடிக்க நேரம் எங்கே?

நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரிக்கும் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் வந்தார். மூன்று நாள். அருமையாகப் பேசினார். எங்கள் ஊர்ச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்று அவரே இரண்டு முறை கேட்டார். யாரும் அழைத்துப் போகவில்லை. சால்வை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, விமான நிலையத்துக்குக் கார். அந்த மனிதர் கேட்ட ஒன்றைக் கொடுக்காமல் கேட்காததையெல்லாம் கொடுத்து அனுப்பினோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மேலாண்மை, வணிகவியல் துறைகளுக்கு நான் சொல்ல வருவது இதுதான். நமக்குப் பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது, சிவகாசி இருக்கிறது, கோயம்பேடு இருக்கிறது. ஸ்லேட்டரின் வடமலைபுரம் இன்று பட்டாசுத் தொழில் சூழ்ந்த சிவகாசிப் பக்கத்து ஊர். கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை. வருகிற பேராசிரியரின் அட்டவணையில் பாதியை அரங்கத்துக்குக் கொடுங்கள், மீதிப் பாதியை இந்த ஊர்களுக்குக் கொடுங்கள். அவரோடு நம் ஆசிரியர் ஒருவரும் பத்து மாணவர்களும் போகட்டும். இந்த முறை சேரியிலிருந்தும் ஆலைத் தொழிலாளியின் வீட்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் அந்தப் பத்து பேரில் இருக்கட்டும். சேகரித்த கணக்கைத் தமிழிலும் எழுதிப் பல்கலைக்கழக நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு வருகிறவர் அங்கிருந்து தொடங்கட்டும்.

இதைப் படிக்கும் பொருளாதார மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பேராசிரியர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடு, யாருக்கு என்ன வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு கடன் என்று கேட்டு எழுதுங்கள். மேலே தேதி போட மறக்காதீர்கள்.