உடம்பைப் பேணுவதும் ஜெபம்தான்



மதியம் மூன்று மணிக்குக் குழுக் கூட்டம். "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் "இனிமேதான்" என்பார்கள். "தலை சுத்துதுன்னு சொன்னீங்களே, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்றால், "அதெல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று பதில் வரும். வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார், ஆடு மாடு எல்லாரையும் பார்த்து முடித்த பிறகுதான் நம் உடம்பு நமக்கு ஞாபகம் வருகிறது. பல நாள் அதுவும் வருவதில்லை.

இது எல்லா மதத்துப் பெண்களுக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் நம் கிறிஸ்தவ சகோதரிகள் பலரிடம் கூடுதலாக ஒரு எண்ணம் இருக்கிறது. "இயேசு நமக்காக எவ்வளவு பாடுபட்டாரு! நாமளும் பொறுத்துக்கிடணும். நம்மளப் பத்தியே நினைச்சா அது சுயநலம்" என்பார்கள். இந்த எண்ணம் சரிதானா? வேதாகமத்தை வைத்தே பார்ப்போம். மற்ற மதத்துச் சகோதரிகளும் படியுங்கள். நோய் மதம் பார்த்து வருவதில்லை.

நம்மை நேசிப்பது சுயநலமா?

தன்னை நேசிப்பது போலவே அடுத்தவரையும் நேசிக்க வேண்டும் என்பதுதான் இயேசுவின் போதனை. அதாவது, பிறர் மேல் காட்டும் அன்புக்கு நம் மேல் நாம் வைத்திருக்கும் அன்பைத்தான் அளவாக வைத்தார். அளக்கிற படியே ஓட்டையாக இருந்தால் யாருக்கு எதை அளந்து கொடுக்க முடியும்?

சீடர்கள் ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பி வந்தபோது, சாப்பிடக்கூட நேரமில்லாத அளவுக்குக் கூட்டம் நெருக்கியது. அப்போது இயேசு அவர்களை "இன்னும் உழையுங்கள்" என்று விரட்டவில்லை. தனியான ஓரிடத்துக்குப் போய்க் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னார். இது மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஊழியம் செய்தவர்களுக்கே ஓய்வு தேவை என்றால், விடியற்காலையில் எழுந்து இரவு பத்து மணி வரை ஓடும் நமக்குத் தேவையில்லையா?

ஒரே அதிகாரத்தில் இரண்டு பெண்கள்

அதே மாற்கு நற்செய்தியில் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 12 வருஷமாக இரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் வருகிறாள். வைத்தியத்துக்கே கையிலிருந்த காசெல்லாம் செலவாகிவிட்டது. பயந்து பயந்து கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். இயேசு அங்கேயே நிற்கிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடந்ததையெல்லாம் எல்லார் முன்னாலும் சொல்கிறாள். அவர் கோபப்படவில்லை, மகளே என்று அழைக்கிறார்.

அதே அதிகாரத்தில் யாயீர் என்பவரின் 12 வயது மகளும் வருகிறாள். இறந்துபோன அந்தச் சிறுமியை உயிரோடு எழுப்பிய பிறகு இயேசு என்ன சொன்னார் தெரியுமா? அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். அவ்வளவு பெரிய அற்புதத்துக்குப் பிறகும் ஒரு பொம்பளப் பிள்ளையின் பசி அவருக்கு முக்கியமாகத் தெரிந்தது.

ஒருத்திக்கு இரத்தம் போகிற நோய். இன்னொருத்திக்குச் சாப்பாடு தேவை. நம் கிராமத்துப் பெண்களின் இரண்டு பெரிய பிரச்சினைகளும் இவைதானே!

இரத்தசோகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் குழுவில் 14 பேர் இருந்தால் ஏழு பேருக்காவது இருக்கலாம்.

மூச்சு வாங்குதல், தலைசுற்றல், சோர்வு, நெஞ்சு படபடப்பு, கண்ணின் கீழ் இமையும் நகமும் வெளிறிப் போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். "வயசாகுது, அதான் அசதி" என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை.

இதற்கு நாம் செய்ய வேண்டியவை:

1. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், மீன், ஈரல், முட்டை இவற்றில் முடிந்ததைச் சேருங்கள். கறி எடுக்கும் நாளில் துண்டையெல்லாம் மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு, சட்டியை வழித்து நாம் சாப்பிடுகிற பழக்கம் வேண்டாம்.

2. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

3. சாப்பிட்ட உடனே டீ, காபி குடிக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

4. செவிலியர் கொடுக்கும் சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால்தான். வயிற்றைப் புரட்டினால் செவிலியரிடம் சொல்லுங்கள், எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லித் தருவார்.

5. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு மாத்திரை தருகிறார்கள். உங்கள் மகள் அதை விழுங்குகிறாளா, தூக்கிப் போடுகிறாளா என்று கேளுங்கள்.

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்

மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போவது, மணிக்கொரு தரம் துணி மாற்றும் அளவுக்குப் போவது, கட்டி கட்டியாகப் போவது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் போவது, கணவரோடு சேர்ந்த பிறகு போவது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே போக வேண்டும். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். மார்பில் கட்டி தென்பட்டாலும் அப்படித்தான். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்.

முற்ற விட்டுப் போனால் கடன்தான் மிஞ்சும். அந்த வேதாகமப் பெண்ணைப் போலவே வைத்தியத்துக்கு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, கந்துவட்டிக்குப் போனவர்கள் நம் ஊர்களில் இல்லையா? சங்கத்தில் தொழிலுக்கு வாங்கிய கடன் ஆஸ்பத்திரிக்குப் போவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

உபவாசம் இருக்கும்போது கவனம்

தவக்காலத்தில் 40 நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிடும் சகோதரிகள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறவர்களும் உண்டு. பக்தியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சபையே எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். கத்தோலிக்க திருச்சபைச் சட்டப்படி கட்டாய உபவாசம் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள்தான். அதுவும் 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். அன்றுகூட ஒரு வேளை முழுச் சாப்பாடும், இரண்டு வேளை கொஞ்சமாகவும் சாப்பிடலாம். நோயாளிகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் கட்டாயமே இல்லை.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். கை நடுக்கம், வியர்வை வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். "உபவாசம் கெட்டுப் போகுமே" என்று பார்க்காதீர்கள். ஏசாயா 58ஆம் அதிகாரத்தில் கடவுள் விரும்பும் உபவாசம் எது என்று இருக்கிறது. பசித்தவருக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதும், ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும்தான் அது. உடம்பு முடியாதவர்கள் புறணி பேசுவதை நிறுத்தியும், டிவி சீரியலை விட்டும் நோன்பிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளையும் ஒன்று. அதில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, வீட்டில் தங்கும் அந்நியர், ஏன், ஆடு மாடுகளுக்குக்கூட ஓய்வு சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பூசைக்கோ ஆராதனைக்கோ போய் வந்ததும் வீட்டுக்காரர் கட்டிலில், பிள்ளைகள் டிவி முன்னால். அம்மா மட்டும் அடுப்படியில் மசாலா அரைத்துக்கொண்டு நிற்பாள். மாட்டுக்குக் கிடைத்த ஓய்வு அவளுக்கு இல்லை!

இதை வீட்டில் சண்டையாக ஆக்க வேண்டாம், பேச்சாக ஆக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எடுப்பது மகன் வேலை, பாத்திரம் கழுவுவது அப்பா வேலை என்று பிரித்துக் கொடுங்கள். மதியம் ஒரு மணி நேரமாவது காலை நீட்டிப் படுங்கள்.

மனசுக்கும் வலி உண்டு

எலியா பெரிய தீர்க்கதரிசி. அவரே ஒரு நாள் மனசு உடைந்து, செத்துப் போனால் போதும் என்று ஒரு செடியின் கீழே படுத்துவிட்டார். கடவுள் அவரைத் திட்டவில்லை. தூதர் வந்து தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், திரும்பத் தூங்கவும் விட்டார். அதன் பிறகுதான் பயணம். மனச்சோர்வு விசுவாசக் குறைவு அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தூக்கமில்லாமல், சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிப்பதைச் "இது என் சிலுவை" என்று சுமக்க வேண்டியதில்லை. சிலுவையை இயேசு தாமாக ஏற்றார். உங்கள் மேல் விழும் அடி அப்படிப்பட்டதல்ல, அது குற்றம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181.

ஜெபமா, மருந்தா?

"ஜெபம் பண்ணினா போதும், மருந்து எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு வேலூர் கதையைச் சொல்லுங்கள். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டு ஒரு மிஷனரி வீட்டுக்கு வந்தார்கள். அந்த வீட்டு மகள் ஐடா ஸ்கடருக்கு அப்போது மருத்துவம் தெரியாது. டாக்டரான அப்பாவை அனுப்புவதாகச் சொன்னாள். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள். ஐடா அன்று இரவெல்லாம் ஜெபித்தாள். பிறகு அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினாள். 1918இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியும் திறந்தாள். அதுதான் இன்றைய சி.எம்.சி. அந்த ஜெபம் ஆஸ்பத்திரியாக முளைத்தது. ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் ஆகாது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் எத்தனை பேர் இந்த ஒரு வருஷத்தில் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறோம்? செய்யாதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போகலாமா?
* காலைச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் சாப்பிடுவது என்று எல்லோரும் முடிவெடுத்து, வாராவாரம் ஒருவரையொருவர் கேட்டுக் கொள்ளலாமா?
* மருத்துவச் செலவுக்கு என்று சிறு தொகையைத் தனியாகச் சேமிக்கலாமா?

ஊக்குநர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். இன்று ராத்திரி சோறு பரிமாறும்போது உங்கள் தட்டையும் சேர்த்து வையுங்கள், சகோதரிகளே!