வெர்ஷன் மாறும் நாளில்

சென்னையில் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் 1990களில் கட்டிய அடுக்குமாடிகள் பல இப்போது இடிபட்டு, புதிதாக எழும்புகின்றன. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்தில் இறங்கலாம் என்கிறது 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம். சம்மதம் கிடைத்ததும் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் தேடுவது பழைய டிராயிங்கை. அது ஏதோ ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கும். ஒழுங்காகத் திறக்குமா என்பதுதான் கேள்வி.

வரைபட மென்பொருளான ஆட்டோகேட் 1982 டிசம்பரில் அறிமுகமானது. அதன் டிடபிள்யூஜி ஃபைலை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகளாகக் கொட்டும். ஆனால் முதல் ஆறு எழுத்துகள் தெளிவாக இருக்கும். 'ஏசி1009' என்றால் ஆர்12 காலத்து ஃபைல், 'ஏசி1015' என்றால் 2000 வடிவம், 'ஏசி1032' என்றால் 2018 வடிவம். பழைய ஃபோல்டர்களை வகைபிரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பதிப்பு மாறும் விஷயத்தில் ஆட்டோகேட் தாராளமானது. பழையதைத் திறக்கும், பழைய வடிவத்திலேயே சேமிக்கவும் விடும். தொல்லை தருவது கூட வரும் ஃபைல்கள்தான்: பிற டிராயிங்குகளை இணைக்கும் எக்ஸ்ரெஃப், எழுத்துரு, பிரிண்ட் தடிமனைத் தீர்மானிக்கும் சிடிபி. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் 'பூஜை அறை' என்று எழுதியிருந்து, அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லையென்றால், திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். 'இ-டிரான்ஸ்மிட்' கட்டளை இவற்றையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும். பழைய கணினியைக் கழிப்பதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.

ரெவிட் அப்படியில்லை. ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2002இல் வாங்கிய இந்த மென்பொருளுக்கு ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வருகிறது. புதியதில் திறந்து சேமித்த மாடலைப் பழையதில் திறக்கவே முடியாது. பழைய வடிவத்தில் சேமிக்கும் வசதியும் கிடையாது. மயிலாப்பூர் ஆர்க்கிடெக்ட் அவசரப்பட்டு மாறிவிட்டால், அடையாற்றில் முந்தைய பதிப்பிலேயே இருக்கும் ஸ்டிரக்சுரல் இன்ஜினீயரால் அந்த மாடலை லிங்க் செய்ய முடியாமல் போகும். திருமயிலை மெட்ரோ நிலையம்போல ஆண்டுக்கணக்கில் நீளும் கட்டுமானத்துக்குள் பல ரெவிட் பதிப்புகள் வந்துபோய்விடும். அதனால் ஒரு புராஜெக்ட் தொடங்கிய பதிப்பிலேயே முடிவது நல்லது. மாறித்தான் ஆக வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டும்.

அந்த நாளில் முதல் வேலை, எல்லாருக்கும் பொதுவான சென்ட்ரல் ஃபைலோடு தங்கள் லோக்கல் நகலை ஒவ்வொருவரும் சிங்க் செய்து மூடுவது. அடுத்து முழு ஃபோல்டரையும் நகலெடுத்து, பதிப்பு எண்ணையும் தேதியையும் பெயரில் சேர்த்துப் பூட்டிவைக்க வேண்டும். ஒரு நகல் வேறு பேட்டையில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது தரைத்தளங்கள் மூழ்கியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பிறகு ஸ்டிரக்சர், பிளம்பிங் முதலான லிங்க் மாடல்களை முதலில் மேம்படுத்தி, முதன்மை மாடலைக் கடைசியில் 'ஆடிட்', 'டிட்டாச்' இரண்டையும் தேர்ந்து திறக்க வேண்டும். அதைப் புதிய ஃபோல்டரில் புதிய சென்ட்ரலாகச் சேமித்தபின், ஒவ்வொருவரும் புது லோக்கல் நகல் எடுப்பார்கள். பழைய லோக்கலை யாரும் தொடக்கூடாது.

பலர் தவிர்த்துவிடும் வேலை ஒன்று உண்டு. மாறுவதற்கு முன்பே எல்லாத் தாள்களையும் பிடிஎஃப் எடுத்துவைத்து, மாறியபின் எடுத்ததோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். நகர்ந்த அளவுக்குறிப்பு, காணாமல்போன ஹேட்ச், மாறிய கோட்டுத் தடிமன் எல்லாம் அங்கேயே சிக்கும். எழும்பூரில் உள்ள பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்குப் போகும் தாளில் செட்பேக் அளவு அழிந்திருப்பதை அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன், அலுவலகத்திலேயே திருத்திவிடலாம்.