உயிரணுக்களின் செய்திப் போக்குவரத்து

கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து தோன்றும் உயிரணுக்களுள் சில தோலாகின்றன, சில நரம்பாகின்றன, சில எலும்பாகின்றன. எது எதுவாக வேண்டும் என்பது பெரிதும் அண்டை உயிரணுக்கள் சுரக்கும் குறிகைப் புரதங்களைப் பொறுத்தது. இப்புரதம் தனக்குரிய ஏற்பியுடன், பூட்டில் சாவி பொருந்துவது போலப் பொருந்தினால்தான் செய்தி உள்ளே செல்லும்.

எலும்பாக்கப் புரதம் எனப்படும் பி.எம்.பி. இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இது உயிரணுவின் மேலுறையிலுள்ள இருவகை ஏற்பிகளை ஒருங்கே பற்றுகிறது. உடனே ஒரு வகை ஏற்பி மற்றொன்றின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அதனை இயக்குகிறது. இயங்கிய ஏற்பி ஸ்மாட் என்னும் புரதங்களைத் தூண்ட, அவை உட்கருவினுள் புகுந்து உரிய மரபணுக்களைச் செயற்படுத்துகின்றன.

செய்தியைத் தடுப்பதும் அனுப்புவதைப் போலவே இன்றியமையாதது. தவளைக் கருவின் புறப்படையில் பி.எம்.பி. செயற்படும் பகுதி தோலாகிறது. தடுக்கப்படும் பகுதி நரம்பு மண்டலமாகிறது. 1992இல் தவளையில் கண்டறியப்பட்ட நோகின் என்னும் புரதம் தடுப்போருள் ஒன்று. ஏற்பியைத் தொட வேண்டிய பி.எம்.பி.யின் பரப்பை இது மூடிவிடுகிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு தொன்மையானது? இவ்வினாவுக்கு விடை தேட உதவியது புனே நகரின் ஆகார்கர் ஆய்வு நிறுவனம். அங்கு சுரேந்திர காஸ்கட்பியின் குழுவினர் எடுத்துக்கொண்டது ஹைட்ரா. குளங்களில் வாழும், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இவ்வுயிருக்கு எலும்பும் இல்லை, மூளையும் இல்லை. எனினும் தலையை வெட்டினால் மீண்டும் வளர்த்துக்கொள்ளும். அதில் நோகினை ஒத்த மரபணுவை அவர்கள் பிரித்தெடுத்தனர். அதன் செய்தி ஆர்.என்.ஏ.வை, ஜப்பானிய அறிஞர்களுடன் இணைந்து, தவளைக் கருவில் செலுத்தியபோது அக்கருக்கள் அனைத்திலும் இரண்டாவது உடல் அச்சு தோன்றியது. பி.எம்.பி.யின் செயல் தடுக்கப்பட்டதே இதற்குக் காரணம் என்பதும் புலனாயிற்று. இம்முடிவுகள் 2010இல் வெளியாயின.

ஹைட்ராவின் முன்னோரும் தவளையின் முன்னோரும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒன்றின் புரதம் மற்றொன்றில் வேலை செய்கிறது. எலும்பு தோன்றும் முன்பே எலும்பாக்கப் புரதத்தைக் கட்டுப்படுத்தும் முறை தோன்றிவிட்டது என்பது இதன் பொருள்.

மனிதரிலும் இதே புரதம் பணியாற்றுகிறது. நோகின் மரபணுவில் குறை நேர்ந்தால் விரல் மூட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து மடங்காமற் போகலாம் என்பது 1999இல் அறியப்பட்டது. மூட்டு உருவாக வேண்டிய இடத்தில் பி.எம்.பி.யைத் தடுக்கப் போதிய நோகின் இல்லாமையே இதற்குக் காரணம். கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் ஒரு சிற்றுயிரை ஆராய்வது, குழந்தையின் கைவிரல் எவ்வாறு மடங்குகிறது என்பதை அறியவும் வழிகோலுகிறது. உடனடிப் பயனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இத்தகைய அறிவு கிட்டாது.