மண் குழைக்கும் பொறி

மண்ணுடன் சீமந்து கலந்து அமுக்கிய கற்களால் வீடு கட்டும் முறை இன்று பல நாடுகளில் வழங்கி வருகின்றது. 1950களில் கொலம்பியாவின் பொகொற்றா நகரில் ராவுல் ராமிறேஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த கையமுக்கி இம்முறை பரவுவதற்குப் பெரிதும் உதவியது. ஆயினும் கல்லின் வலிமை அமுக்குவதில் மட்டும் தங்கியிருப்பதன்று. சீமந்து ஓரிடத்திற் குவிந்து மற்றோரிடத்தில் இல்லாது போனால், வெளித்தோற்றத்திற்கு அழகான கல்லும் மழையிற் கரையத் தொடங்கும். ஆகவே, சீராகக் குழைத்தலே இத்தொழிலின் உயிர்நிலை.

கொங்கிறீற்றுக் கலக்கும் சுழல் பீப்பாயில் களிமண் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். இதனாலேயே, அசையாத தொட்டியினுள் துடுப்புகள் சுழலும் பொறியைச் சிலர் தம் பட்டறையிலேயே அமைத்துக்கொள்கின்றனர். தடித்த இரும்புத் தொட்டி, அதன் நடுவே ஒரு தண்டு, தண்டிற் சாய்வாகப் பொருத்திய துடுப்புகள் என்பனவே அதன் உறுப்புகள். தண்டைச் சுழற்றுவது எண்ணெயின் அமுக்கம். அடைபட்ட பாயியின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எங்கும் ஒரே அளவிற் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பஸ்கால் கண்ட விதியே இதற்கு அடிப்படை.

பம்பி நிமிடத்திற்கு 20 லீற்றர் எண்ணெயை அனுப்புகின்றது என்றும், எண்ணெயாற் சுழலும் மோட்டர் ஒரு சுற்றுக்கு 400 கன சென்ரிமீற்றர் கொள்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். தண்டு நிமிடத்திற்கு ஏறக்குறைய 50 முறை சுழலும். வேகம் குறைவு, முறுக்குவிசையோ பெரிது. கல்லொன்று துடுப்பிற் சிக்கினால் எண்ணெயின் அமுக்கம் உயரும். உடனே காப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பிவிடும். தண்டு முறியாமல் நிற்கும்.

ஆபத்தும் அங்கேயே இருக்கின்றது. நின்ற துடுப்பு ஓய்ந்த துடுப்பன்று. கல்லை எடுக்கக் கை நீட்டியவுடன் அது மீண்டும் பாயக்கூடும். எஞ்சினை நிறுத்தி, அமுக்கத்தை இறக்கிய பின்னரே தொட்டியுட் கை வைத்தல் வேண்டும். குழாயிலுள்ள ஊசித்துளையைக் கையாற் தடவித் தேடுதலும் ஆகாது. மட்டைத் துண்டொன்றைப் பிடித்தே அறிதல் வேண்டும். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினும் தாமதமின்றி வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

பொறியைப் படிப்படியாகச் சோதித்தல் நன்று. முதலில் வெறுமையாக ஓட்டி ஒழுக்கைப் பார்த்தல். அடுத்து உலர்ந்த மணலைச் சிறிதளவு இட்டு ஓட்டுதல். அதன் பின்னரே மண்ணும் சீமந்தும். இவ்விரண்டையும் உலர்ந்த நிலையில் நிறம் ஒன்றாகும்வரை கலந்து, பின்பு நீரைத் தெளித்தல் வேண்டும். தொட்டியின் இரு முனைகளிலும் நடுவிலும் எடுத்த பிடிகள் ஒரே நிறமாக இருத்தல் வேண்டும். ஒரு பிடியை உருட்டித் தோளுயரத்திலிருந்து கடினமான தரையில் விட்டால், நாலைந்து துண்டுகளாக உடைதல் நல்ல பதம். தூளாகச் சிதறினால் நீர் போதாது. உடையாது தட்டையானால் நீர் மிகுதி.

வார்த்த கற்களை நிழலில் ஈரங்காத்து முதிரச் செய்து, சிலவற்றை ஓரிரவு நீரில் அமிழ்த்திப் பார்த்தல் வேண்டும். கரையாத கல்லே பொறி செம்மையாகக் குழைத்தது என்பதற்குச் சான்று. பொறி ஓடுகின்றது என்பது பாதி வெற்றி. அது குழைத்த மண்ணை நம்பி ஒரு குடும்பம் கூரையின் கீழ் அச்சமின்றி உறங்கலாம் என்பதே முழு வெற்றி.