திரையிலிருந்து கோப்புக்கு

கணிப்பொறித் திரையில் ஒரு பக்கம் தட்டச்சு செய்கிறீர்கள். எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் அந்தப் பக்கம் என்னவாகும்? திரையில் தெரிவது வேறு. வட்டில் பதிவாவது வேறு. இவ்விரண்டையும் இணைப்பது கோப்பில் எழுதும் ஆணை. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஈமாக்ஸ் என்னும் உரைத் தொகுப்பானைக் கொண்டு பார்ப்போம்.

ஈமாக்ஸ் 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் இன்றும் வழக்கில் உள்ளது. இதன் அடிப்படைப் பகுதி சி மொழியிலும், பெரும்பகுதி லிஸ்ப் மொழியிலும் எழுதப்பட்டுள்ளன. லிஸ்ப், ஜான் மெக்கார்த்தி 1958-இல் வகுக்கத் தொடங்கிய மொழி. பயன்படுத்துவோரும் இம்மொழியில் புதிய ஆணைகளை எழுதிச் சேர்க்கலாம் என்பதே ஈமாக்ஸின் சிறப்பு.

லிஸ்ப் ஆணையின் அமைப்பு எளியது. அடைப்புக்குறிக்குள் முதலில் செயலின் பெயர் வரும். அடுத்து அச்செயலுக்கு வேண்டிய பொருள்கள் வரும். (+ 2 3) என்று எழுதினால் 5 என்ற விடை கிடைக்கும்.

நீங்கள் ஒரு கோப்பைத் திறந்ததும் ஈமாக்ஸ் அதன் நகலை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இதற்குப் பஃபர் என்று பெயர். நீங்கள் செய்யும் திருத்தமெல்லாம் இந்தப் பஃபரில்தான் நடக்கிறது. அதை வட்டுக்கு அனுப்பும் செயலின் பெயர் ரைட்-ரீஜன். எதை எழுதுவது, எந்தக் கோப்பில் எழுதுவது என்பவற்றை இதற்குச் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பள்ளியின் மழைமானி நாள்தோறும் காட்டும் அளவைக் கோப்பில் குறிக்க விரும்புகிறீர்கள். முதல் நாள் 17 மில்லிமீட்டர். ஆணை இவ்வாறு அமையும். கணிப்பொறியில் இதன் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறோம்.

(ரைட்-ரீஜன் "17" நில் "மழை")

இங்கே 'நில்' என்பது தமிழ்ச் சொல் அன்று; 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் லிஸ்ப் சொல். முதல் இடத்தில் பஃபரின் ஒரு பகுதி தொடங்கும் இடத்தையும், இரண்டாம் இடத்தில் அது முடியும் இடத்தையும் தரலாம். நாம் மேற்கோள் குறிக்குள் உரையையே தந்துவிட்டதால் இரண்டாவது தேவைப்படவில்லை.

மறுநாள் 20 மில்லிமீட்டர். எண்ணை மட்டும் மாற்றி அதே ஆணையை மீண்டும் இட்டால் என்ன நேரும்? பழைய 17 அழிந்து 20 மட்டுமே மிஞ்சும்! கோப்பு இருந்தால், இருப்பதை நீக்கிவிட்டுப் புதியதை எழுதுவதே இச்செயலின் இயல்பு. ஒரு மாதக் கணக்கு இருந்தாலும் ஒரே ஆணையில் போய்விடும். பழைய கோப்பின் காப்பு நகலையும் இச்செயல் எடுத்து வைப்பதில்லை. இதைத் தவிர்க்க, நான்காம் இடத்தில் 'உண்மை' என்று பொருள்படும் 'டி' என்பதைச் சேர்க்க வேண்டும்.

(ரைட்-ரீஜன் "20" நில் "மழை" டி)

இப்போது புதிய எண் கோப்பின் இறுதியில் சேரும். ஆனால் கோப்பைத் திறந்து பாருங்கள்: 1720 என்று இருக்கும்! கணிப்பொறி தானாக அடுத்த வரிக்குச் செல்லாது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும், மேற்கோள் குறி முடியும் முன், வரி முடிவுக் குறியையும் நாமே தர வேண்டும். பின்சாய்கோட்டையும் அதை ஒட்டி 'என்' என்னும் ஆங்கிலச் சிறிய எழுத்தையும் இடுவதே அக்குறி.

மேலும் ஒரு காவல் உண்டு. ஏழாம் இடத்தில் 'டி' இருந்தால், அதே பெயரில் கோப்பு இருக்கும்போது ஈமாக்ஸ் உங்கள் இசைவைக் கேட்ட பிறகே எழுதும். இடையில் உள்ள இடங்களை 'நில்' கொண்டு நிரப்பலாம்.

தமிழில் எழுதுவோர் குறியீட்டு முறையையும் கவனிக்க வேண்டும். வட்டில் பதிவாவது எழுத்து அன்று, பைட் எனப்படும் எண்களே. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும். 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என 5 குறிகள். ஆக 15 பைட்டுகள். ஒரு முறையில் எழுதி வேறு முறையில் படித்தால் எழுத்துகள் சிதைந்து தோன்றும்.

எனவே, புதிய ஆணை எதையும் முதலில் ஒரு சோதனைக் கோப்பில் இட்டுப் பாருங்கள். அதைத் திறந்து வரிகளை எண்ணுங்கள். கணக்குச் சரியாக இருந்த பிறகே உண்மையான கோப்பில் கை வையுங்கள்.