ஒரு வீட்டுக்கு எத்தனை எண்? ஜப்பானின் தேசிய ஜிஐஎஸ் உருவான கதை

1995 ஜனவரி 17, அதிகாலை 5:46 மணி. ஜப்பானின் கோபே நகரையும் சுத்தியுள்ள ஊர்களையும் 7.3 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. 6,434 பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முழுசா இடிஞ்சு போயின. நகத்தா வார்டில் செருப்புப் பட்டறைகளும் மர வீடுகளும் நெருக்கியடிச்சு நின்ன தெருக்கள் தீயில் கருகின.

இதுவரை பலருக்கும் தெரிஞ்ச கதைதான். நான் எழுத வந்தது அதுக்கு அடுத்த சில வாரங்களில் நடந்ததைப் பத்தி. ஏன்னா ஜப்பானின் தேசிய புவியியல் தகவல் அமைப்பு, அதாவது தேசிய ஜிஐஎஸ், வேர் விட்டது அங்கேதான்.

ஜப்பானில் வரைபடத்துக்குப் பஞ்சமே கிடையாது. 1974-லேயே நிலப் பயன்பாடு, மலை, ஆறு, கரையோரம்னு எல்லாத்தையும் எண்களாக மாத்தும் தேசியத் திட்டத்தை ஆரம்பிச்ச நாடு அது. பல நகராட்சிகள் 1:2500 அளவில் நகரத் திட்ட வரைபடம் வெச்சிருந்தன. வீட்டுக்கு வீடு நடந்து போய் குடியிருப்பவர் பெயரோட வரைபடம் அச்சிட்டு விக்கிற தனியார் கம்பெனியே இருக்கு. இவ்வளவு இருந்தும், இடிஞ்சு கிடக்கிற ஒரு வீட்டைக் காட்டி "இது யாரோட வீடு, உள்ளே எத்தனை பேர் குடியிருந்தாங்க, இடிக்க யார் கையெழுத்து போடணும்?"னு கேட்டா, சட்டுனு பதில் சொல்ல எந்த ஒரு அலுவலகத்தாலும் முடியல.

காரணம் நமக்குப் புரியறது சுலபம். சென்னையில் "பழைய எண் 14, புதிய எண் 27"னு போர்டு பார்த்தே வளர்ந்தவங்கதானே நாம. அதே வீட்டுக்குப் பட்டாவில் ஒரு சர்வே எண், சொத்து வரி ரசீதில் ஒரு எண், மின் இணைப்புக்கு வேற ஒரு எண். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு துறையோட சொத்து. ஒரு எண்ணைக் கொடுத்தா இன்னொண்ணைச் சொல்லும் அட்டவணை யாரிடமும் கிடையாது.

ஜப்பானிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், என்ன, அவங்க அதை முறைப்படி செஞ்சிருக்காங்க. நிலத்துக்கு "சிபான்" என்ற மனை எண் உண்டு. இது மெய்ஜி காலத்து நிலவரிச் சீர்திருத்தத்தில் வேர் கொண்டது, நீதி அமைச்சகத்தின் பதிவேட்டில் இருக்கு. மனையைப் பிரிக்கப் பிரிக்க கிளை எண்கள் முளைக்கும், அதனால 12-க்குப் பக்கத்துல 13 இருக்கும்னு நம்பி நடந்தா தெருவெல்லாம் சுத்தணும். இது தபால்காரருக்கு உதவாதுன்னு 1962-இல் ஒரு சட்டம் போட்டு "ஜூக்யோ ஹ்யோஜி" என்ற குடியிருப்பு எண் முறையைக் கொண்டு வந்தாங்க. அதில் தெருவுக்குப் பெயர் கிடையாது, கட்டடத் தொகுதிக்குத்தான் எண். தொகுதியைச் சுத்தி வரும்போது வீட்டு வாசல் எங்கே விழுதோ அதை வெச்சு வீட்டுக்கு எண். அதனால பக்கத்துப் பக்கத்து இரண்டு வீடுகளுக்கு ஒரே எண் வரவும் வாய்ப்பு உண்டு. இந்த எண்களைக் கொடுப்பது நகராட்சி. இதுக்கு மேல, பதிவேட்டில் கட்டடத்துக்குன்னு தனியா ஒரு கட்டட எண்ணும் இருக்கு.

இப்போ நிலநடுக்கத்துக்கு வாங்க. குடியிருப்போர் பதிவேடு ஆட்களைக் குடியிருப்பு எண்ணை வெச்சு அடுக்கியிருக்கும். சொத்து வரிப் பட்டியலில் உரிமையாளர் இருப்பார், வாடகைக்கு இருக்கறவர் இருக்க மாட்டார். அந்தப் பட்டியலோ மனை எண்ணையும் கட்டட எண்ணையும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். மென்பொருள் வேலையில் இருக்கறவங்களுக்கு ஒரே வரியில் சொல்லிடலாம்: ஜாயின் பண்ண பொதுவான கீ இல்லை. நம்ம வேலையில் இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அங்கே சேதச் சான்றிதழ் கிடைச்சாதான் நிவாரணம், தற்காலிக வீடு எல்லாம். சான்றிதழ் தரணும்னா ஆளையும் வீட்டையும் சேதத்தையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்தியாகணும். குளிர்காலம் வேற. ஜனங்க பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தாங்க.

இரண்டு இடங்களில் இதைக் கையோட சரி பண்ணினாங்க. நிஷினோமியா நகராட்சியின் கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர்கள், குடியிருப்போர் பதிவேட்டை அடிப்படையா வெச்சு, பாதிக்கப்பட்டவர் பட்டியலையும் பாதிக்கப்பட்ட வீட்டுப் பட்டியலையும் இணைக்கிற ஒரு அமைப்பைத் தாங்களே எழுதினாங்க. பிற்பாடு அது நாடு முழுக்க உள்ள நகராட்சிகளுக்கு இலவசமா கொடுக்கப்பட்டது. நகத்தா வார்டு அலுவலகத்தில் கியோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இடிபாடு அகற்றும் விண்ணப்பங்களை ஜிஐஎஸ்-இல் ஏத்தினாங்க. விண்ணப்பம் வரும், வரைபடத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிச்சு குறிப்பாங்க, ஒப்பந்தக்காரருக்கு வேலை போகும். கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கு இல்லையா? தப்பான வீட்டை இடிச்சுட்டா என்ன ஆகும்னு யோசிச்சா சாதாரணமா தெரியாது.

டோக்கியோவுக்குப் புரிஞ்சதும் இதுதான். தரவு இருக்கு, ஆனா சேராது. 1995 செப்டம்பரில் பிரதமர் அலுவலகத்தை ஒட்டி இயங்கும் அமைச்சரவைச் செயலகத்தின் கீழ், 20-க்கும் மேற்பட்ட அமைச்சகங்களும் முகமைகளும் உட்காரும் ஒரு ஜிஐஎஸ் ஒருங்கிணைப்புக் குழு அமைஞ்சது. 1996 டிசம்பரில் நீண்டகாலத் திட்டம் ஒண்ணு வெளியாச்சு. முதல் மூணு வருஷம் அடித்தளம், அடுத்த மூணு வருஷம் பரவலாக்கம்.

தென்கொரியாவிலும் அதே வருஷம் இதே மாதிரி ஒரு துவக்கம். 1995 ஏப்ரல் 28 அன்று தேகு நகரில் சுரங்க ரயில் வேலை நடந்த இடத்தில் எரிவாயு வெடிச்சு 101 பேர் இறந்தாங்க, அதில் பள்ளி மாணவர்கள் நிறைய. பக்கத்தில் இன்னொரு கட்டுமான வேலைக்குத் துளை போட்டவங்க மண்ணுக்கடியில் இருந்த குழாயைக் குத்திட்டாங்க. அந்த வருஷமே அவங்களோட முதல் தேசிய ஜிஐஎஸ் திட்டமும் ஆரம்பமாச்சு. கொரியக் கதையைத் தனியா எழுதணும், இப்போ ஜப்பானிலேயே இருப்போம்.

அந்தக் குழு செய்த ஒரு நல்ல காரியம், "எல்லாத் தரவையும் ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குக் கொண்டு வாங்க"ன்னு சொல்லாததுதான். அப்படிச் சொல்லியிருந்தா எந்தத் துறையும் கொடுத்திருக்காது என்பது என் கணிப்பு. வனத்துறை வரைபடம் வனத்துறையிடமே இருக்கட்டும், கடல் வரைபடம் கடல்துறையிடமே இருக்கட்டும், ஆனா எழுதும் முறையும், அது எந்த அடித்தளத்தின் மேல உட்காருது என்பதும் பொதுவா இருக்கணும்னு போனாங்க. ஐஎஸ்ஓவின் புவியியல் தகவல் குழு 1994-இல்தான் உருவாகியிருந்தது. அதன் வரைவுகளை ஒட்டி 1999-இல் ஜப்பானியத் தரநிலை வெளிவந்தது. யாரிடம் என்ன தரவு இருக்குன்னு தேடிப் பார்க்க ஒரு பொது அட்டவணையும் 2000-இல் இணையத்துக்கு வந்தது.

அடித்தளம்னு சொன்னேனே, அதில்தான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது. ஜப்பானின் பழைய அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் மெய்ஜி காலத்தில் டோக்கியோவில் நட்சத்திரங்களைப் பார்த்து நிர்ணயிச்ச ஒரு தொடக்கப் புள்ளியில் இருந்து வந்தவை. அந்தக் கணக்கில் பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கிட்ட மாதிரி வேற, ஜிபிஎஸ் பயன்படுத்தும் மாதிரி வேற. போதாக்குறைக்கு அந்த இடத்தில் ஈர்ப்புவிசையின் திசையே கொஞ்சம் சாய்வு. விளைவு, டோக்கியோ பக்கத்தில் பழைய ஆயத்தொலைவுக்கும் ஜிபிஎஸ் சொல்வதுக்கும் சுமார் 450 மீட்டர் வித்தியாசம். ஹெலிகாப்டர்காரர் ஜிபிஎஸ் எண்ணைச் சொல்லி, தரையில் இருப்பவர் பழைய வரைபடத்தில் தேடினா, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் தள்ளி நிப்பார்.

இதை ஒரு துறை மட்டும் மாத்தி பிரயோஜனமில்லை. நில அளவைத் துறை மாத்திட்டு கடல்துறை மாத்தலைன்னா கரையோரத்தில் தரைக்கும் கடலுக்கும் நடுவில் 450 மீட்டர் கிழிசல் விழும். அதனால 2001-இல் நில அளவைச் சட்டத்தையும் கடல் அளவைச் சட்டத்தையும் சேர்த்தே திருத்தி, 2002 ஏப்ரல் 1 அன்று இரண்டையும் ஒரே நாளில் உலக அளவைமுறைக்கு மாத்தினாங்க. பழைய எண்ணைப் புதுசா மாத்தித் தரும் இலவச மென்பொருளையும் அரசே கொடுத்தது. அதே சமயம், உயரக் கணக்கை ஒண்ணாக்கல. நிலத்தின் உயரம் டோக்கியோ விரிகுடாவின் சராசரிக் கடல் மட்டத்தில் இருந்து, கடலின் ஆழம் ஏறக்குறைய மிகத் தாழ்ந்த வற்று மட்டத்தில் இருந்து. கப்பல் தரைதட்டாம இருக்க அந்த முறைதான் சரி. சுனாமி எவ்வளவு தூரம் உள்ளே வரும்னு கணக்குப் போடறவர்தான் இரண்டையும் கவனமா ஒட்டிக்கணும்.

நம்ம ஊருக்கும் இது அந்நியமில்லை. எவரெஸ்ட் கோளவடிவத்தை வெச்சு வரைஞ்ச பழைய இந்திய சர்வே வரைபடங்களை ஜிபிஎஸ்-ஓட பொருத்திப் பார்த்தவங்களுக்கு அந்தத் தள்ளாட்டம் தெரியும். 2005 தேசிய வரைபடக் கொள்கையில் பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசைன்னு இரண்டு வரிசை வந்தது. பொதுமக்கள் வரிசைதான் உலக முறையில் அமைஞ்சது. கட்டுப்பாடுகள் பெரிய அளவில் தளர்ந்தது 2021-இல்.

திரும்ப ஜப்பான். குழு கூடிக்கிட்டே இருந்தது, திட்டத்துக்கு அடுத்து திட்டம் வந்தது, ஆனா எந்த நகராட்சியையும் எதுக்கும் சட்டப்படி கட்டுப்படுத்த முடியல. கடைசியில் 2007-இல் புவிவெளித் தகவல் அடிப்படைச் சட்டம் வந்தது. இதைக் கொண்டு வந்தது அமைச்சகங்கள் இல்லை, எம்.பி.க்கள். பன்னிரண்டு வருஷம் அதிகாரிகள் கூடிப் பேசினதுக்கு அப்புறம் மசோதா வேற வாசல் வழியா வந்ததுன்னா, துறைகளுக்குள் எவ்வளவு இழுபறி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

சட்டத்தின் மையம் ரொம்ப எளிமையான ஒரு யோசனை. அளவைப் புள்ளி, கரையோரம், சாலை ஓரம், ரயில் பாதை, நிர்வாக எல்லை, கட்டட வெளிக்கோடு மாதிரி கொஞ்சம் விஷயங்களுக்கு மட்டும் "அடித்தள வரைபடத் தகவல்"னு பெயர். நகரப் பகுதியில் 1:2500, மத்த இடத்தில் 1:25000 தரம். மத்த வரைபடங்களை இந்தக் கோடுகளோட மேல வெச்சுப் போடணும் என்பதுதான் நோக்கம். மத்திய அரசிடம் இருக்கும் இந்தத் தகவல் இணையத்தில் கிடைக்கணும், காசு வாங்கக் கூடாது என்பதையும் சட்டத்திலேயே பொது விதியா எழுதிட்டாங்க. 2008-இல் இருந்து தரவு வெளிவர ஆரம்பிச்சது. நகராட்சிகள் வெவ்வேறு வருஷத்தில் வரைஞ்ச படங்களை ஒட்டினப்போ எல்லையில் சாலைகள் ஒண்ணோட ஒண்ணு சேராம நின்னது, அதையெல்லாம் உட்கார்ந்து தைக்க வேண்டியிருந்தது.

நல்லா தைச்சு முடிக்கும் நேரத்தில் துணியே நகர்ந்தது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஓஷிகா தீபகற்பத்தில் ஒரு அளவைப் புள்ளி 5.3 மீட்டர் கிழக்கு-தென்கிழக்கா நகர்ந்து, 1.2 மீட்டர் கீழே இறங்கியது. டோக்கியோவில் உள்ள தேசத்தின் ஆயத்தொலைவுத் தொடக்கப் புள்ளியே 27 சென்டிமீட்டர் கிழக்கே போயிருந்தது. மூணே நாளில், மார்ச் 14 அன்று, பாதிக்கப்பட்ட பகுதிப் புள்ளிகளின் பழைய எண்களைக் கொடுப்பதை நிறுத்திட்டாங்க. அக்டோபர் 31-இல் புது எண்கள் வந்தன. 1995-இல் இருந்த நிலையோட ஒப்பிட்டா, ஒரே அடித்தளம் இருந்ததால ஒரே இடத்தில் திருத்தினா போதும்.

சரி, அந்த முதல் கேள்வி? இடிஞ்ச வீடு யாரோடது? அது நீதி அமைச்சகத்தின் நிலப் பதிவேட்டில் இருக்குன்னு சொன்னேன். அங்கே வேலை மிக மெதுவு. 1951-இல் தொடங்கின மனை எல்லை அளவை இன்னும் பாதியைத்தான் தாண்டியிருக்கு. மீதி இடங்களில் மெய்ஜி காலத்து வரிப்படத்தில் இருந்து வந்த ஓவியம்தான் ஆவணம். டோக்கியோவில் ரோப்பொங்கி ஹில்ஸ் கட்டும்போது சுமார் 400 மனைகளின் எல்லையை உறுதி பண்ணவே 4 வருஷம் ஆச்சு.

2023 ஜனவரியில் அந்தப் பதிவேட்டு வரைபடங்களை நீதி அமைச்சகம் நாடு முழுக்க இலவசமா வெளியிட்டது. டிஜிட்டல் ஏஜென்சி அதை வழக்கமான ஜிஐஎஸ் வடிவத்துக்கு மாத்தும் நிரலையும் திறந்த மூலமா கொடுத்தது. இறக்கிப் பார்த்தா பல கோப்புகளில் ஆயத்தொலைவு முறை என்ற இடத்தில் "விருப்ப முறை"னு இருக்கும். அதாவது மனையின் வடிவம் உண்டு, பக்கத்து மனை எதுன்னும் தெரியும், பூமியில் அது எங்கே இருக்குன்னு மட்டும் கோப்பில் கிடையாது. குடியிருப்பு எண்ணையும் மனை எண்ணையும் ஒரே முகவரிப் பதிவேட்டில் அடுக்கும் வேலையும் இப்போ அதே ஏஜென்சியிடம்தான் நடந்துக்கிட்டு இருக்கு.